நாற்சந்தியில் ஒரு சூரியகாந்தி

அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலமான ஆரிகனில் போர்ட்லண்ட் என்றொரு நகரம். அதன் தென்கிழக்கில் செல்வுட் என்னும் குடியிருப்புப் பகுதி. அங்கே ஒன்பதாவது அவென்யூவும் ஷெரெட் தெருவும் சந்திக்கும் இடத்தில், 1996-ஆம் ஆண்டு, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடித் தார்ச்சாலையின் மேலேயே பெரிய வண்ண ஓவியம் ஒன்றைத் தீட்டினார்கள். சுவரில் இல்லை, கார்கள் ஓடுகிற நடுச்சாலையில். அனுமதி கேட்டபோது மாநகராட்சி அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். இருந்தும் வரைந்தார்கள். இன்று அதே நகரம் இதற்கென்று விண்ணப்பப் படிவமும் விதிமுறையும் வைத்திருக்கிறது. பல பத்து நாற்சந்திகளில் இப்படி ஓவியங்கள் இருக்கின்றன.

தெருக்காரர்களே சேர்ந்து தங்கள் தெருவில் ஓவியம் வரைவது என்றால் என்ன, அது எப்படி நடக்கிறது, எங்கே தடுக்கி விழும் என்பதைப் புரிந்துகொள்ள இந்த நாற்சந்தியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பெயின்ட் அடிப்பது இதில் மிகச் சிறிய பங்கு. ஒரு சனி, ஞாயிறில் முடிந்துவிடும் வேலை அது. அதற்கு முன்னால் ஆறு மாதமும், பின்னால் பல ஆண்டுகளும் இருக்கின்றன. உண்மையான வேலை அந்த முன்னிலும் பின்னிலும்தான் நடக்கிறது.

முதலில், ஏன் நாற்சந்தி? அமெரிக்க நகரங்கள் பெரும்பாலும் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாக அளந்து போடப்பட்டவை. போர்ட்லண்டின் நடுநகரில் ஒரு கட்டத்தின் பக்கம் 200 அடிதான். இப்படி அளந்தவர்கள் வீட்டுமனைக்கும் சாலைக்கும் இடம் ஒதுக்கினார்கள். ஆட்கள் சும்மா கூடி நிற்க இடம் ஒதுக்கவில்லை. நம் ஊரில் ஒரு மந்தை உண்டு, ஆலமரத்தடி உண்டு, கோயில் மாடவீதி உண்டு, எதுவும் இல்லாவிட்டால் டீக்கடை பெஞ்சாவது உண்டு. அங்கே ஒரு குடியிருப்புத் தெருவில் வீட்டுக் கதவைத் திறந்தால் புல்வெளி, அதைத் தாண்டினால் சாலை, அவ்வளவுதான். இந்தக் குறையை மனத்தில் வாங்கிக்கொண்டவர் மார்க் லேக்மன் என்ற கட்டடக் கலைஞர். பல நாடுகளில் சுற்றி, மெக்சிகோவில் லகண்டான் மாயா மக்களோடு தங்கிவிட்டுத் திரும்பியவர் அவர். ஊர் என்றால் நடுவே ஒரு கூடுமிடம் இருக்கும் என்பதை அங்கே பார்த்திருந்தார்.

ஊர் திரும்பியதும் அவரும் நண்பர்களும் முதலில் செய்த காரியம் ஓவியம் அல்ல. பழைய மரத்தையும் கழித்துப்போட்ட சன்னல்களையும் வைத்து ஒரு தேநீர்க் குடில் கட்டினார்கள். திங்கட்கிழமை மாலைகளில் அங்கே யார் வேண்டுமானாலும் வரலாம், அவரவர் வீட்டில் சமைத்ததைக் கொண்டுவந்து பகிர்ந்து உண்ணலாம். கூட்டம் வாரா வாரம் பெருகியது. கட்டட விதிகளைக் காட்டிக் குடிலை எடுக்கச் சொன்னது மாநகராட்சி. குடில் போனது. ஆனால் அதற்குள் தெருவில் இருந்தவர்களுக்கு ஒருவர் பெயர் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது. குடில் இல்லாத கூட்டத்துக்கு இடம் எது என்று பார்த்தபோது, எல்லோருக்கும் நடுவில் கிடந்தது அந்த நாற்சந்திதான். ஷெரெட் என்ற தெருப்பெயரைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னால், ஆங்கிலத்தில் ‘பகிர்ந்துகொள்’ என்று ஒலிக்கும். அதையே பெயராக்கி ‘ஷேர் இட் ஸ்கொயர்’ என்றார்கள். ஓவியத்தைச் சுற்றி மூலைகளில் சின்னச் சின்னதாகச் சில வசதிகளும் முளைத்தன: அறிவிப்புப் பலகை, புத்தகம் எடுத்துப் போய்த் திருப்பி வைக்கும் அலமாரி, குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு வீடு, எந்நேரமும் தேநீர் கிடைக்கும் ஒரு மாடம். இதை முன்னெடுத்தவர்கள் அதே ஆண்டு ‘சிட்டி ரிப்பேர்’ என்ற அமைப்பையும் தொடங்கினார்கள். நகரத்தைப் பழுது பார்ப்பது என்று பொருள். சாலையில் குழி விழுந்தால் அடைப்பதும் பழுது பார்ப்பதுதான். தெருவில் ஒருவரையொருவர் தெரியாமல் இருப்பதையும் அவர்கள் ஒரு குழியாகவே பார்த்தார்கள்.

முதலில் எதிர்த்த மாநகராட்சி பிறகு இறங்கிவந்து சட்டமே இயற்றியது. அந்தச் சட்டத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது ஒரு நிபந்தனை. சந்திப்பின் மூலைகளை ஒட்டிய வீடுகள் அத்தனையும் சம்மதிக்க வேண்டும். அதற்கு அப்பால், அந்தத் தெருக்களில் குறிப்பிட்ட தொலைவுக்குள் இருக்கும் வீடுகளில் 80 சதவீதத்தினர் கையெழுத்திட வேண்டும். வாகனப் போக்குவரத்து குறைவான குடியிருப்புத் தெருவாகவும் இருக்க வேண்டும். பார்ப்பதற்கு இது ஒரு தடை. ஆனால் இந்தக் கையெழுத்து வேட்டைதான் வேலையின் உயிர்.

யோசித்துப் பாருங்கள். ஐம்பது வீடுகள் என்றால் நாற்பது கையெழுத்து. நாற்பது கதவைத் தட்ட வேண்டும். ஒருமுறை தட்டினால் பாதி வீடுகளில் ஆள் இருக்கமாட்டார்கள், மறுபடி போக வேண்டும். கதவைத் திறப்பவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது. எதிர் வீட்டில் எட்டு ஆண்டாக இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லித்தான் தெரியவைக்க வேண்டியிருக்கும். அவர் கேட்கும் கேள்விகள் நியாயமாகவே இருக்கும்: மழையில் வழுக்காதா, கண்ட ஆட்கள் வந்து நின்று படம் எடுப்பார்களா, வீட்டு விலை குறையுமா, சாக்கடை வேலைக்குச் சாலையைத் தோண்டினால் என்ன ஆகும்? இதற்கெல்லாம் அங்கேயே பதில் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் தவறு செய்கிறார்கள். மறுப்பவர் சொல்லும் காரணத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் வைத்து, வரைவில் எதையாவது மாற்றி, திரும்பப் போய்க் காட்ட வேண்டும். மூலை வீட்டுக்காரர் ஒருவர் வேண்டாம் என்று நின்றால் வேலை நின்றுவிடும். அவர் சன்னலைத் திறந்தால் தினமும் அந்தப் படத்தில்தான் கண் படும். ஆகவே அவர் சொல்லுக்கு அந்த எடை இருப்பது சரிதான் என்பது என் எண்ணம். வாடகைக்கு இருப்பவரையும் விட்டுவிடக் கூடாது. வீட்டு உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார், தெருவில் நடப்பது குடியிருப்பவர்தானே.

நம் ஊரில் இதற்கென்று தனி விதிமுறை இல்லை. சுவர் என்றால் அதன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும், சாலை, பாலம், பள்ளி, பூங்கா என்றால் உள்ளாட்சி அமைப்பிடம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதலே இருக்கிறது. எனவே ‘நல்ல காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்று தொடங்க வேண்டாம். வார்டு கவுன்சிலரையும் பகுதிப் பொறியாளரையும் முதலிலேயே போய்ப் பார்த்துவிட்டால், அந்தச் சுவர் அடுத்த மாதம் இடிபடப் போகிறதா, அந்தச் சாலைக்கு மறுதார் போடப் போகிறார்களா என்பதும் தெரிந்துவிடும். இதைக் கேட்காமல் வரைந்து, மூன்றாம் வாரம் குழாய் பதிக்கத் தோண்டியதைப் பார்த்து மனம் உடைந்த தெருக்கள் உண்டு.

சரி, எதை வரைவது?

இங்கேதான் பலரும் தவறான கேள்வியோடு கூட்டத்தைத் தொடங்குகிறார்கள். ‘என்ன படம் போடலாம்?’ என்று கேட்டால் மயில், தாமரை, பாரதியார் என்று மூன்று பதில் வரும், மூன்றுக்கும் கட்சி சேரும், வாக்கெடுப்பு நடக்கும், தோற்றவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள். ‘இந்தத் தெருவில் முன்பு என்ன இருந்தது?’ என்று கேளுங்கள். ஒரு பாட்டி, இங்கே ஒரு குளம் இருந்தது என்பார். இன்னொருவர், மூலையில் அச்சகம் இருந்தது, இரவெல்லாம் தடதடவென்று சத்தம் கேட்கும் என்பார். தெருவுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதற்கு இரண்டு கதை வரும். படம் அங்கிருந்து வர வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976-இல் தொடங்கிய பெருஞ்சுவர் இதற்கு நல்ல உதாரணம். வெள்ளநீர்க் கால்வாய் ஒன்றின் கான்கிரீட் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு அந்த ஓவியம் ஓடுகிறது. நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் கோடைக்காலங்களில் வந்து வரைந்தார்கள். அவர்களில் பலர் வழக்கில் சிக்கியவர்கள், ஒருவரோடொருவர் சேராத பகுதிகளிலிருந்து வந்தவர்கள். வரைவதற்கு முன் வரலாற்று அறிஞர்களையும் நடந்ததை நேரில் கண்டவர்களையும் கேட்டு, பாடப்புத்தகத்தில் இல்லாத தங்கள் மக்களின் கலிஃபோர்னியா வரலாற்றைத் தேடியெடுத்தார்கள். சேகரித்த பிறகுதான் கோடு.

கதைகளைத் தெரு சொல்ல வேண்டும், ஆனால் கோடுகளை இணைப்பது ஒருவர் கையாக இருக்க வேண்டும். இருபது பேர் சொன்ன இருபது பொருளையும் அப்படியே வைத்தால் அது ஓவியமாகாது, நெரிசலாகிவிடும். வரையத் தெரிந்த ஒருவரிடம் எல்லாவற்றையும் கொடுத்து, இரண்டு மூன்று வரைவு வாங்கி, திரும்பத் தெருவிடம் காட்டுவதே நடைமுறையில் ஒத்துவரும் வழி. அவருக்குக் கூலி கொடுங்கள். இலவசமாகச் செய்யச் சொல்வது அந்தத் தொழிலுக்குச் செய்யும் அநியாயம். நம் ஊர்களில் பேனரும் கட்அவுட்டும் பெயர்ப்பலகையும் கையால் எழுதிய ஓவியர்கள், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலையிழந்து இருக்கிறார்கள். நாற்பது அடி உயரத்தில் ஒரு முகத்தை அளவு பிசகாமல் தீட்டியவர்கள் அவர்கள். தெரு ஓவியத்துக்கு இவர்களைவிடத் தகுந்த ஆசிரியர் யார்?

போர்ட்லண்டில் இன்னொரு விதி: சாலை ஓவியத்தில் எழுத்தோ எண்ணோ நிறுவனச் சின்னமோ இருக்கக் கூடாது, போக்குவரத்துக் குறியீடுகளைப் போன்ற வடிவமும் கூடாது. இரண்டாவதன் காரணம் எளிது, ஓட்டுநர் குழம்பக் கூடாது. முதலாவதும் ஆழமான யோசனைதான். ஒருவரின் வாசகத்துக்கு இடம் கொடுத்தால் அடுத்தவரின் வாசகத்தை மறுக்க முடியாது. பிறகு தெரு விளம்பரப் பலகையாகிவிடும். தேர்தல் வந்தால் சுவரெல்லாம் யாருடைய சுவராக மாறுகிறது என்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது, தாளில் இருக்கும் படத்தை முப்பது அடிக்குப் பெரிதாக்குவது. புதிதாக வருபவர்களுக்கு இதுதான் மந்திரம் போலத் தெரியும். தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இது அன்றாடம் பழகிய வித்தை. ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்று ஒரு வரியில் எழுதியதை வைத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தில் உள்ளங்கை அளவு இருக்கும் கோலத்தை வாசல் முழுக்க விரிக்கிறார்களே, அது இந்த வேலைதான். புள்ளிகள் அளவைத் தாங்குகின்றன, கை கோட்டை மட்டும் பார்த்துக்கொள்கிறது. ஓவியர்கள் புள்ளிக்குப் பதில் கட்டம் போடுவார்கள். தாளில் ஓர் அங்குலம், தரையில் ஓர் அடி. முப்பது அங்குலத் தாள் முப்பது அடி நாற்சந்தியாகிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் கொடுத்துவிட்டால், வரையவே தெரியாதவர்கூடத் தன் கட்டத்தில் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்த்துப் போட்டுவிடலாம். கட்டத்தின் மூலை சரியாக இருக்கிறதா என்பதற்குக் கொத்தனார் செய்வதைச் செய்யுங்கள்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை மட்டம். வட்டத்துக்கு, நடுவில் ஒருவர் கயிற்றின் நுனியை மிதித்துக்கொள்ள, மறுநுனியில் சாக்கட்டியைக் கட்டி இன்னொருவர் சுற்றி வந்தால் போதும். நாற்சந்தி ஓவியங்களில் வட்டம் அதிகம் வருவதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம், நான்கு மூலைக்கும் அது சமதூரத்தில் நிற்கும் என்பது இன்னொன்று.

பெயின்ட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பணம் வீணாவது இங்கேதான்.

சுவருக்கு முதல் எதிரி தண்ணீர். வெளியிலிருந்து அடிக்கும் மழையைவிட, சுவருக்குள்ளிருந்து வரும் ஓதம் கெட்டது. கீழிருந்து ஏறும் ஈரம் செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் வெள்ளையாகப் பூக்கும், அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் செதில் செதிலாகப் பெயர்த்து எறிந்துவிடும். ஆகவே உப்புப் பூத்த சுவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அல்லது முதலில் ஓதத்துக்கு வழி பாருங்கள். புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் காய விட வேண்டும். பழைய சுண்ணாம்புப் பூச்சு கையோடு வருகிறதென்றால் கம்பிப் பிரஷால் சுரண்டி, கழுவி, உலரவிட்டு, பிரைமர் ஒரு பூச்சு, அதற்குப் பிறகுதான் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன். நல்ல சுவரில் ஒரு லிட்டர் இரண்டு பூச்சுக்குச் சுமார் 50, 60 சதுர அடி வரும். வெயில் இரண்டாவது எதிரி. பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் முதலில் வெளிறும். காவி, செம்மண் நிறம், கறுப்பு ஆகியவை நின்று நிலைக்கும், ஏனெனில் அவை இரும்புத் துருவிலிருந்தும் கரியிலிருந்தும் வரும் நிறங்கள், வெயில் அவற்றை எளிதில் சிதைக்க முடியாது. கோயில் மதிலில் காவிப்பட்டை ஆண்டுக்கணக்கில் தாங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

சாலை வேறு கதை. தார்ச்சாலையின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், சுவரைவிட அதிகம் பெயின்ட்டைக் குடிக்கும். முப்பது அடி அகலத் தெருக்கள் இரண்டு சந்தித்தால் நடுவில் 900 சதுர அடி. சுவர்க் கணக்கில் 15 முதல் 18 லிட்டர் என்றால், இங்கே இருபதுக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பான பெயின்ட் ஈரத்தில் இரு சக்கர வண்டியை வாரிவிடும். அதனால் மெல்லிய மணல் போன்ற சொரசொரப்புத் தூளைக் கலந்தே அடிக்க வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பைக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தால், இதில் யாரும் சமரசம் செய்துகொள்ளக் கூடாது. சாலைக்கு உகந்த பெயின்ட்டும் தூளும் கிடைக்கவில்லை என்றால் சாலையை விட்டுச் சுவருக்குப் போய்விடுவதே நல்லது.

வேலை நாள். போர்ட்லண்டில் தெருவிழா அனுமதி வாங்கிச் சாலையை மறித்துவிடுவார்கள். காலையில் கூட்டிக் கழுவுதல், உலர்ந்ததும் சாக்கட்டிக் கோடு, கோட்டைத் தெருவே சுற்றி நின்று ஒருமுறை பார்த்தல், பிறகு பெரிய பரப்புகளுக்கு ரோலர், ஓரங்களுக்குப் பிரஷ். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிறத்தின் சிறு பொட்டு வைத்துவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இளம் நிறங்களை முதலிலும், அடர் நிறங்களைப் பிறகும், கறுப்புக் கோட்டை எல்லாவற்றுக்கும் கடைசியிலும் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் குழந்தைகள் கை நடுங்கி வெளியே போன இடமெல்லாம் அந்தக் கடைசிக் கோட்டில் மறைந்துவிடும். எல்லோருக்கும் வேலை உண்டு. குனிய முடியாதவர் நிறம் கலப்பார், இன்னொருவர் சோறு பொங்குவார், ஒருவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வண்டிகளைத் திருப்பி அனுப்புவார். சுவர் ஓவியமாக இருந்தால் ஒரு கண்டிப்பு: தலைக்கு மேல் உயரும் பகுதிக்குச் சாரம் கட்டத் தெரிந்தவரும் ஏறிப் பழகியவரும் மட்டும். ஆர்வத்தில் ஏணியில் ஏறிய மாமாவைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடும் நாளாக அது ஆகிவிடக் கூடாது.

உயரமான சுவரில் ஊரே எப்படிக் கை வைப்பது? ஃபிலடெல்ஃபியா இதற்கு அழகான விடை கண்டது. 1984-இல் அந்த நகரம் சுவர்க் கிறுக்கலை ஒழிக்க ஓர் அமைப்பைத் தொடங்கியது. அதில் சேர்ந்த ஜேன் கோல்டன் என்ற ஓவியர், கிறுக்கிய இளைஞர்களையே ஓவியம் வரையக் கூப்பிட்டார். அது வளர்ந்து, இன்று 4,000-க்கும் மேற்பட்ட சுவரோவியங்களை உருவாக்கிய திட்டமாக நிற்கிறது. அங்கே இப்போது பரவலாக உள்ள முறை ‘பாராசூட் துணி’ எனப்படும் மெல்லிய செயற்கை இழைத் துணி. முழுப் படத்தையும் ஐந்தடிச் சதுரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோடும் நிற எண்ணும் போட்டு, பள்ளிகளுக்கும் முதியோர் மையங்களுக்கும் கொண்டுபோகிறார்கள். சிறையில் இருப்பவர்களும் தீட்டியிருக்கிறார்கள். காய்ந்த துணிகளை ஓவியர்கள் அக்ரிலிக் பசையால் சுவரில் வரிசையாக ஒட்டிவிடுவார்கள். ஒட்டிய பிறகு துணி என்றே தெரியாது. சக்கர நாற்காலியில் இருப்பவர் தீட்டிய மேகம் நாலாவது மாடி உயரத்தில் இருக்கும். எனக்கு இந்த முறையின் மேல் பெரும் மரியாதை உண்டு.

இத்தனையும் செய்து என்ன மாறுகிறது? போர்ட்லண்டிலேயே சன்னிசைட் என்ற பகுதியில், 2001-இல், நாற்சந்தி நடுவே மாபெரும் சூரியகாந்திப் பூ ஒன்றை அக்கம்பக்கத்தார் தீட்டினார்கள். ஜான் செமென்சா என்ற பொதுச் சுகாதார ஆய்வாளர் அங்கே வசிப்பவர்களையும், அதே போன்ற ஆனால் ஓவியம் இல்லாத பக்கத்துப் பகுதியில் வசிப்பவர்களையும் விசாரித்து 2003-இல் முடிவை வெளியிட்டார். வாழ்வதற்கு மிகச் சிறந்த இடம் என்று தங்கள் பகுதியைச் சொன்னவர்கள் சூரியகாந்திப் பக்கத்தில் 65 சதவீதம், மற்றதில் 35. இதை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். சேர்ந்து வரையத் தோன்றிய தெருவில் முன்பே நல்லுறவு இருந்திருக்கலாம் அல்லவா? ஆனாலும் வித்தியாசம் சிறியதல்ல.

சாலைப் பாதுகாப்பு பற்றிய கணக்கு இன்னும் தெளிவானது. ஓவியம் ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்கும் என்பது பொறியாளர்களின் பழைய அச்சம். ப்ளூம்பர்க் அறக்கொடை அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவில் தார்ச்சாலை ஓவியம் போட்ட 17 இடங்களில் முன்னும் பின்னும் நடந்த விபத்துகளை எண்ணிப் பார்த்தது. பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர் சம்பந்தப்பட்ட விபத்துகள் 50 சதவீதமும், மொத்த விபத்துகள் 17 சதவீதமும் குறைந்திருந்தன. காலடியில் வண்ணம் தெரிந்ததும் ஓட்டுநருக்கு இது ஆள் நடமாடும் இடம் என்று உறைக்கிறது, கால் தானாக பிரேக்குக்குப் போகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

சென்னையில் தெரு ஓவியம் என்றதும் கண்ணகி நகர் நினைவுக்கு வரும். நகரின் நடுவிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய்ப் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் குடிவைக்கப்பட்ட மக்களின் அடுக்கு வீடுகள் அவை. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே சுவர்களில் மாபெரும் ஓவியங்களைக் கொண்டுவந்தன. உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் வரைந்தார்கள். கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்த சென்னை, படம் பார்க்க அங்கே போனது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பெயரைச் சொன்னாலே வேலை மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, தங்கள் பகுதியின் பெயர் நல்லவிதமாகப் பத்திரிகையில் வருவது பெரிது. ஆனால் ஓவியர் வந்து தெருவுக்காக வரைவதும் தெருவே வரைவதும் ஒன்றல்ல. முதலாவதில் படம் மிக அழகாக வரும், ஆனால் அது வெளிறும்போது யாரைக் கூப்பிடுவது என்று தெருவுக்குத் தெரியாது. இரண்டாவதில் மயிலின் கழுத்து கொஞ்சம் கோணியிருக்கும், ஆனால் அதைத் தீட்டிய பெண் மூன்றாவது வீட்டில்தான் இருக்கிறாள்.

வெளிறுவது என்பது இந்த வேலையின் குறை அல்ல என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். சாலை ஓவியத்தின் மேல் தினமும் டயர் ஏறும். ஓரிரு ஆண்டில் மங்கிவிடும். போர்ட்லண்டில் ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் பத்து நாள் போல ஒரு கூடல் நடக்கிறது. அப்போது பழைய நாற்சந்திகளுக்கு மறுபடி வண்ணம் ஏறும். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த நாளில்தான் தெருவுக்குள் நுழைகிறார்கள். அதே படத்தையே தீட்டுவதா, மாற்றுவதா என்ற பேச்சும் ஒவ்வொரு முறையும் திரும்ப எழும், கையெழுத்துக்குத் திரும்பக் கதவு தட்டுவார்கள். அழியாத பெயின்ட் கிடைத்திருந்தால் அவர்கள் 1996-க்குப் பிறகு கூடியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். காலையில் போட்ட கோலம் மாலைக்குள் கால்பட்டு அழிவதால்தான் மறுநாளும் வாசல் தெளிக்கப்படுகிறது. மார்கழி விடியலில் எதிர் வாசல்களில் குனிந்திருக்கும் இரண்டு பெண்கள் நிமிரும்போது ஒரு வார்த்தை பேசிக்கொள்வதும் அதனால்தான்.

எனவே வேலை முடிந்த அன்று மாலையே இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டராவது மிச்சம் வைத்து இறுக மூடி, டப்பாவின் மேல் நிறத்தின் எண்ணும் தேதியும் எழுதி, கட்டம் போட்ட தாளோடு சேர்த்துத் தெருவில் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் வைத்துவிடுங்கள். யார் வீட்டில் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிறகு, கையில் பெயின்ட் காய்வதற்கு முன்பே, அடுத்த ஆண்டு எந்த ஞாயிறு என்று பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு வசதியாக இருக்கும், மழை ஓய்ந்திருக்கும், ஊருக்குப் போகிறவர்கள் இன்னும் கிளம்பியிருக்கமாட்டார்கள்.